பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆறு லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: தையல்கடைக்காரர், விருதுநகர் மாவட்டம்

என் மூத்த மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. பக்கத்திலுள்ள தனியார் கல்லூரியில் விசாரித்தபோது, கல்விக் கட்டணம், விடுதி, சீருடை, மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் பேருந்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுக்கு 6 லட்சம். எனக்குச் செலவு போக மாதம் 18,000 ரூபாய் மிஞ்சினால் அது தீபாவளி மாதம் என்று பொருள்.

வெளிநாடு போனால் ஒரே வருடத்தில் கடனை அடைத்துவிடலாம் என்று சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர் சொல்கிறார். அதே படிப்பை முடித்த எங்கள் தெருப் பெண்ணோ மதுரையில் 13,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறாள். இந்த இரண்டில் எதை வைத்து நான் கணக்குப் போடுவது?

பதில் 1: ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

ஐயா, தெருப் பெண்ணின் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். தவணை தொடங்கும்போது உங்கள் மகள் கையில் இருக்கப்போவது ஏறக்குறைய அதுதான்.

ஆண்டுக்கு 1.5 லட்சமாக நான்கு முறை வங்கி பணம் கொடுக்கிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஐந்து ஆண்டுக்குத் தனிவட்டி மட்டும் 2.1 லட்சம் சேர்ந்துவிடும். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 6 லட்சமாக இருக்காது, 8.1 லட்சமாக இருக்கும். பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 10,700 ரூபாய்; பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் சுமார் 8,700 ரூபாய். நீட்டினால் மூச்சு விட முடியும் என்பது உண்மைதான், ஆனால் மொத்தமாகக் கட்டுவது ஏறக்குறைய 15.7 லட்சம் ஆகிவிடும். 13,000 சம்பளத்தில் 8,700 போனால் மீதியை வைத்து வெளியூரில் ஒரு பெண் எப்படி வாழ்வாள் என்று நீங்களே பாருங்கள்.

இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. அது கிடைத்தால் 2.1 லட்சமும் உங்கள் தலையில் விழாது, பத்து ஆண்டுத் தவணையும் 7,900 ரூபாய் அளவுக்கு இறங்கும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் வங்கி மறுக்கவும் கூடும். ஆகவே கவுன்சலிங் வழியாகவே தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு முயலுங்கள். 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

பதில் 2: இரவு டியூட்டி

நான் 2017இல் படிப்பை முடித்தவள். முதல் மருத்துவமனையில் சம்பளம் 11,500 ரூபாய். அதில் விடுதிச் சாப்பாட்டுக்கு 2,000 பிடித்தம். கடன் தவணை 6,200, ஐந்தாம் தேதி போகும். சம்பளமோ பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். ஒவ்வொரு மாதமும் நான்காம் தேதி இரவு அப்பா யாரிடமாவது கைமாற்று வாங்கி என் கணக்கில் போடுவார். அசல் சான்றிதழ்களை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டதால் வேறு இடம் தேடவும் முடியவில்லை. மூன்றாம் ஆண்டு சென்னையில் பெரிய மருத்துவமனைக்கு மாறிய பிறகுதான் 24,000 பார்த்தேன்.

எங்கள் தொழிலில் நல்ல சம்பளத்துக்குப் போகும் வழிகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பவை. வங்கி அந்த இரண்டு ஆண்டு காத்திருக்காது. இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

அரசு வேலையை நம்பலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கில் செவிலியர்களை எடுத்தபோது தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். எய்ம்ஸ் நர்சிங் அதிகாரிப் பணிக்கு அடிப்படை ஊதியமே 44,900. அதற்கான நார்செட் தேர்வை இந்தியா முழுவதும் எழுதுகிறார்கள். முயல வேண்டும், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

மகள் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செலவு குறைந்த இடமாகப் பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதைத் தொடாமல் அப்படியே வட்டிக்குக் கட்டுங்கள்.

பதில் 3: வளைகுடாவிலிருந்து

இரவு டியூட்டி சகோதரி சொன்னதுதான் சரி. நான் ஆண் செவிலியர். மூன்று ஆண்டு ஊரில் வேலை பார்த்த பிறகே இங்கு வந்தேன். சான்றிதழ் சரிபார்ப்பு, இங்கே செவிலியர் உரிமம் பெற எழுதும் ப்ரோமெட்ரிக் தேர்வு என்று வருவதற்கு முன்பே கைக்காசு கரையும். பதிவுபெற்ற முகவர் வாங்கக் கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், லட்சக்கணக்கில் கேட்பவரிடம் போகாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்திலும் பதிவு செய்யலாம். வந்த பிறகு கடனை அடைத்தது உண்மை, ஆனால் அதற்கு இரண்டரை ஆண்டு ஆனது. ஜெர்மனி என்று ஆசை காட்டினால், பி2 என்னும் மேல்நிலை அளவுக்கு ஜெர்மன் மொழி படிக்கும் மாதங்களில் வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேலாளர் ஐயா போட்ட கணக்கை மகளிடமே படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவள், வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் கல்லூரி கிடைத்தால் விடுதிச் செலவு மிச்சமாகும் அல்லவா என்றாள். அப்படி ஒன்று 22 கிலோமீட்டரில் இருக்கிறது; ஆண்டுக்கு 90,000 ரூபாய் என்கிறார்கள். கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்துவிட்டோம். வருமானச் சான்றிதழுக்காக நாளை காலை இ-சேவை மையத்துக்குப் போகிறேன். அங்கீகாரக் கடிதத்தின் நகல் தர முடியுமா என்று அந்தக் கல்லூரியிலும் கேட்டிருக்கிறேன்.