இன்டரோசெப்ஷனுக்கு (interoception, உடலின் உள்நிலையை உணர்வது) தமிழில் ‘உள்ளுணர்வு’ பொருந்துமா?

> ‘உள்ளுணர்வு’ என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். “ஏனோ மனசுக்குச் சரியாகப் படவில்லை, அந்த மனையை வாங்கவில்லை” என்கிறாரே ஒருவர், அது உள்ளுணர்வு. நாம் பேசுவது பசி, தாகம், மூச்சு, இதயத் துடிப்பு, சிறுநீர் முட்டுவது என்று உடலுக்குள்ளிருந்து மூளைக்குப் போகும் சேதியையும் அதை உணர்வதையும். 1906இலேயே ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் இதைப் புறப்புலன்களிலிருந்து பிரித்துவிட்டார்.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். 1990களில் அமெரிக்காவின் அயோவாவில் நரம்பியலாளர் டமாசியோவின் குழுவினர் நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு கட்டு நஷ்டம் தருபவை. எது மோசமென்று வாயால் சொல்லத் தெரியும் முன்பே, அந்தக் கட்டை எடுக்கப்போகையில் தோலில் வியர்வை மாற்றம் பதிவானதாம். உடலின் சேதிதான் முடிவுக்கு வழிகாட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். பின்னால் வந்த சிலர் அதை மறுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைத் தமிழில் எப்படி எழுதுவது?

> அப்போ ‘மெய்யுணர்வு’?

காதுக்கு இனிமைதான். ஆனால் குறளில் ‘மெய்யுணர்தல்’ உண்மையை உணர்வது. ஐம்பொறிக் கணக்கிலோ மெய் என்றால் தொடு உணர்வு. ‘மெய்ப்பாடு’ம் ஆகாது, அது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்பட்டு அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். புலனுக்கு ‘உடலகப்புலன்’. அதன் சேதியைப் புரிந்துகொள்ளப் பழகும் திறனுக்கு ‘உடற்குறிப்பறிதல்’. வாய்விட்டுச் சொல்லாததை அறிவதற்கு வள்ளுவர் இரண்டு அதிகாரங்களில் வைத்த பெயர் குறிப்பறிதல். உடலும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வயிற்றில் புளியைக் கரைக்கும், அவ்வளவுதான்.

ஏன் இரண்டு? நாடியைத் தொடாமல் துடிப்பை எண்ணச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு (உளவியலாளர் ஷாண்ட்ரி, 1981). தன் உடம்பு தனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்புபவர் அதில் சரியாக எண்ணுவார் என்று உறுதியில்லை. பீதி நோய் உள்ளவரைப் பாருங்கள்: படபடப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரிகிறது. அதை மாரடைப்பு என்று படிக்கிறார். இவருக்குப் புலன் பழுது என்று எழுதினால் தவறு, குறிப்பறிதலில்தான் பிசகு.

‘உடலகப்புலன்’ நீளம் என்பவர்கள் ‘அகப்புலன்’ என்று சுருக்கலாம். எனக்கு அதில் தயக்கம், மனத்தையும் அப்படிச் சொல்வார்கள். ப்ரோப்ரியோசெப்ஷனை (கை கால் எந்த நிலையில் இருக்கின்றன என்று உணர்வது) தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே கலக்க வேண்டாம்.