மறு: "குரோசிங் த ஃப்ளோர்" – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆறாம் படிவ மாணவர்களின் நாடாளுமன்ற விவாதப் பயிலரங்குக்குக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு பாடம், 2009இல் ஆஸ்திரேலிய எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மால்கம் டர்ன்புல் பட்ட பாடு.

கெவின் ரட் அரசாங்கம் கொண்டுவந்த கரிம மாசுக் குறைப்பு மசோதாவை, சில திருத்தங்களோடு ஆதரிக்கலாம் என்று அவர் பேசி முடித்தார். அவருடைய லிபரல் கட்சிக்குள்ளேயே தீப்பிடித்துக்கொண்டது. நவம்பர் 25இல் தலைமைக்கு வந்த முதல் ஆபத்தை 48க்கு 35 என்று சமாளித்தார். டிசம்பர் 1இல் டோனி அபாட்டிடம் 42க்கு 41 என்று தோற்றார். ஒரே ஓட்டு! மறுநாள் செனட்டில் மசோதாவும் விழுந்தது. அப்போது லிபரல் செனட்டர்கள் இருவர் கட்சி முடிவை மீறி அரசாங்கத்தோடு சேர்ந்து வாக்களித்தார்கள். 2010 பிப்ரவரியில் மசோதா மறுபடி வந்தபோது டர்ன்புல்லும் அதையே செய்தார்.

கட்சியில் இருந்துகொண்டே மறுதரப்போடு சேர்ந்து வாக்களிக்கும் இந்தச் செய்கையைத்தான் ஆங்கிலத்தில் "குரோசிங் த ஃப்ளோர்" என்கிறார்கள். அதற்குத்தான் தமிழில் சொல் வேண்டும். இப்போதைக்கு "தளம் கடத்தல்" என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

(மசோதாவுக்குப் பொறுப்பான அமைச்சர் பென்னி வோங், நம் மலேசியாவின் கோத்தா கினபாலுவில் பிறந்தவர். மாணவர்களுக்குப் பிடிக்கும் என்று அதையும் சேர்த்திருக்கிறேன்.)

செந்தூல் எழுதியது:

டீச்சர், "தளம் கடத்தல்" வேண்டவே வேண்டாம். டர்ன்புல் சரக்கு கடத்திப் பிடிபட்டார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பழகின சொல் கையிலேயே இருக்கிறது: கட்சித் தாவல். பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

ஆசிரியை எழுதியதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. "நட" என்பதிலிருந்து நடத்தல் வருவதுபோல "கட" என்பதிலிருந்து கடத்தல் வரும். சரக்கைக் கடத்துவது "கடத்து" என்னும் பிறவினை. முறைப்படி அது கடத்துதல். சோம்பேறித்தனத்தால் அதைச் சுருக்கி, நல்லதொரு தன்வினைத் தொழிற்பெயரைக் கள்ளச் சந்தைக்குக் கொடுத்துவிட்டோம். மீட்டெடுக்க இது நல்ல வாய்ப்பு.

ஜாலான் ஈப்போ எழுதியது:

ஐயா, மீட்பை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். எனக்குக் கவலை செந்தூல் அண்ணன் சொன்ன "தாவல்" பற்றித்தான். வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால் சொல்கிறேன், இரண்டும் வேறு வேறு.

நம் அரசமைப்பில் 2022 அக்டோபரில் நடப்புக்கு வந்த 49ஏ பிரிவைப் பாருங்கள். ஒரு கட்சியின் பேரில் வென்றவர் அதை விட்டு விலகினால் நாற்காலி காலியாகும். கட்சியிலேயே இருந்துகொண்டு மசோதாவில் மாறி வாக்களித்தால் அந்தப் பிரிவு அவரைத் தொடாது. கட்சி அவரை நீக்கினால்கூட நாற்காலி போகாது. டர்ன்புல் லிபரல் கட்சியை விட்டு ஒரு நாளும் போகவில்லை, அதே கட்சியின் தலைவராகி 2015இல் பிரதமரே ஆனார். அவரைத் தாவியவர் என்றால், அதே 2009இல் பேராக்கில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகி மாநில அரசாங்கம் கவிழ்ந்ததே, அந்தக் கணக்கில் போய்ச் சேருவார். கட்சி விட்டுக் கட்சி போகிறவரை நம் ஊரில் தவளை என்பார்கள், தாவல் என்றதும் அதுதான் நினைவுக்கு வரும். மாணவர்கள் குழம்பவே கூடாத இடம் இது.

ஆயர் ஈத்தாம் எழுதியது:

இது விபீடணன் விவகாரம். தாவியவன் விபீடணன், அண்ணன் செய்வது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டும் அவன் பக்கமே நின்று செத்தவன் கும்பகருணன். பட்டிமன்றத்தில் அறுபது ஆண்டுகளாக இந்த இரண்டு பேரையும் வைத்தே ஓட்டுகிறோம். டர்ன்புல் இருவரிலும் சேராதவர். இலங்கையிலேயே குடியிருந்துகொண்டு ஒரு நாள் மட்டும் இராமனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு இரவு வீட்டுக்குத் திரும்புகிறவர். அப்படி ஒரு பாத்திரம் நம் காப்பியத்தில் இல்லாததால்தான் சொல்லும் இல்லையோ என்னவோ. "எதிரணி வாக்கு" என்று வைக்கலாமே?

ஜாலான் ஈப்போ எழுதியது:

அண்ணே, டர்ன்புல்லே எதிரணிக்காரர்தானே! அவர் ஓட்டுப் போட்டது ஆளும் தரப்போடு. "எதிரணி வாக்கு" என்றால் நேர் எதிராக அல்லவா படிக்கும்?

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

"கொறடா மீறல்" எப்படி? சொல் பழக்கமானது, ஒழுங்கு மீறல் என்ற கருத்தும் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

கொறடா இந்தி வழி வந்த சாட்டை. சாட்டைக்கு என்ன குறைச்சல்?

ஜாலான் ஈப்போ எழுதியது:

சொல் எந்த வழி வந்தாலும் பொருள் பொருந்தவில்லை. லிபரல் கட்சியில் சாதாரண உறுப்பினர் மாறி வாக்களிப்பது குற்றமில்லை, அதை உரிமை என்றே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். முன்வரிசையில் பொறுப்பில் இருப்பவர்தான் முதலில் பதவியை விட வேண்டும். 2009 நவம்பர் 26இல் அபாட்டும் நிக் மின்ச்சினும் பொறுப்பைத் துறந்தது அதனால்தான். ரட்டின் தொழிற்கட்சியிலோ, மாறி வாக்களித்தால் கட்சியிலிருந்தே நீக்கம்வரை போகும். ஆக அங்கே மீறல், இங்கே உரிமை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

இன்னொன்று. 2018இல் டர்ன்புல் பிரதமராக இருந்தபோது அவருடைய சொந்த உறுப்பினர்களே இதே ஆயுதத்தை அவர்மேல் தூக்கினார்கள். எரிசக்தித் திட்டத்தில் கரிம வெளியேற்ற இலக்கைச் சட்டமாக்கினால் மாறி வாக்களிப்போம் என்று மிரட்டினார்கள். மிரட்டியவர்களில் அபாட்டும் உண்டு. டர்ன்புல் இலக்கைக் கைவிட்டார், அந்த வாரமே பதவியும் போனது. 2010இல் கொள்கைக்காகச் செய்தது, 2018இல் மிரட்டல். சொல்லில் புகழ்ச்சியும் வேண்டாம், வசையும் வேண்டாம்.

புக்கிட் மெர்தாஜாம் எழுதியது:

நான் எழுத்தெண்ணிப் படித்தவன் இல்லை. கண்ணால் பார்த்தால் என்ன நடக்கிறது? கான்பெராவில் வாக்கெடுப்பு மணி அடித்ததும், ஆம் என்பவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கமும் இல்லை என்பவர்கள் இடப்பக்கமும் போய் உட்காருகிறார்கள். தன் ஆட்கள் எல்லாரும் ஒரு பக்கம் இருக்க, ஒருவர் எழுந்து நடந்து எதிரே போய் உட்காருகிறார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. நம் மக்களவையில் பெலா பஹாகியான், அதாவது தலை எண்ணும் வாக்கெடுப்பு, நடக்கும்போது உறுப்பினர் இருந்த இடத்திலேயே எண்ணப்படுகிறார், அந்த நடை நமக்குத் தெரியாது. அதனால் "பக்கம் மாறி வாக்களித்தல்". சுருக்கமாக "மறுபக்க வாக்கு".

பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

"வாக்கு" வடசொல். ஒப்போலை என்ற நல்ல சொல் இருக்கிறது.

அதைவிட முக்கியம், இத்தனை மடலிலும் "கட்சி" என்பதை யாரும் உரசிப் பார்க்கவில்லை. இன்று நாம் சொல்லும் கட்சி வடமொழிப் பக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் சங்கத் தமிழில் வேறொரு கட்சி உண்டு: புகலிடம், பறவைக் கூடு. புறநானூறு 202இல் கபிலர் "கட்சி காணாக் கடமா நல்லேறு" என்கிறார். வேட்டுவர் விரட்ட, ஒதுங்க இடம் காணாமல் ஓடும் காட்டு விலங்கு. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அந்த டிசம்பரில் டர்ன்புல்லின் நிலை வேறு என்ன? "கட்சி காணா ஒப்போலை" என்பதை முன்மொழிகிறேன்.

செந்தூல் எழுதியது:

அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் ஆறாம் படிவப் பிள்ளை "ஒப்போலை" என்றால் கையொப்பம் வைத்த ஓலை என்று எழுதும். "கட்சி காணா" என்றால் சுயேச்சை வேட்பாளர் என்று எழுதும். இரண்டுக்கும் மதிப்பெண் போகும்.

"மறுபக்க வாக்கு" மட்டும் என்ன வாழ்ந்தது? தேர்வுத் தாளின் அடியில் "மறுபக்கம் பார்க்க" என்று போட்டிருக்கும். வாக்குச் சீட்டைத் திருப்பிப் பின்னால் குறி போடுவதாகத் தோன்றாதா? "அக்கரை வாக்கு" என்றால் ஆற்றைக் கடந்து போகிற படமாவது வருகிறது.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

அச்சில் ஓர் எழுத்து பிசகினால் "அக்கறை வாக்கு" ஆகிவிடும் அண்ணா, அப்புறம் அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டும். தயவு செய்து இன்று இரவுக்குள் முடிவு சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் எழுதியது:

மறுபக்க வாக்கு. தூக்கம் வருகிறது.

ஜாலான் ஈப்போ எழுதியது:

எனக்கும் சம்மதம். முதல் தடவை வரும் இடத்தில் "கட்சியிலிருந்து விலகாமல், குறிப்பிட்ட ஒரு தீர்மானத்தில் மட்டும் மறுதரப்போடு சேர்ந்து அளிக்கும் வாக்கு" என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

செந்தூல் எழுதியது:

பெரும்பான்மை என்றால் சரி. என் ஓட்டு அக்கரைக்குத்தான், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் "மறுபக்க வாக்கு", வாக்கியத்துக்குள் "பக்கம் மாறி வாக்களித்தார்". கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் தலைமைப் பதவியைக் காலியாக்கும் தீர்மானத்தை "ஸ்பில்" என்று அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதற்கும் "சிந்து" என்ற வினைக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. திங்கட்கிழமை தனி இழை தொடங்குகிறேன்.