ஃப்ளாட்டில் பில்டர் கட்டிக் கொடுத்த பூஜை அறையைச் செப இடமாக மாற்றுவது எப்படி?

முத்துநகர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். ஹாலை ஒட்டி ஒரு பூஜை அறை விட்டிருக்கிறார்கள்: 4 அடி அகலம், 3 அடி ஆழம். உள்ளே இரண்டரை அடி உயரத்தில் கிரானைட் மேடை, அதற்கு ஒன்றரை அடி மேலே ஒரு கடப்பா ஸ்லாப். மணி கட்டிய தேக்குக் கதவு உண்டு, ஜன்னல் இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்.

வீட்டில் 5 பேர். அம்மாவால் முழந்தாளிட முடியாது, நாற்காலிதான். பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள். அம்மாவிடம் ஒன்றரை அடி பனிமய மாதா சுரூபம் (மாவுச் சுரூபம், அதாவது பிளாஸ்டரில் வார்த்த சிலை), இயேசுவின் திருஇருதயப் படம், வேறு பல படங்களும் இருக்கின்றன. நாங்கள் கத்தோலிக்கர், மனைவி சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் சபை) குடும்பம். நிறைய சுரூபம் வைத்தால் அவங்களுக்கு மனசு ஒட்டாது. எதை எந்த உயரத்தில் வைப்பது? உள்ளே மெழுகுதிரி ஏற்றலாமா?

தச்சுப்பட்டறை:
முதல் வேலையாகக் கதவைக் கழற்றிவிடுங்கள். 4-க்கு 3 அடிக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். உங்களுக்கு ஐந்து பேர் சேர்ந்து செபமாலை சொல்ல வேண்டும். அதனால் அந்த அறையைப் பீடமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்கள் ஹாலில் உட்காருவதாகத் திட்டமிடுங்கள். கீல் இருந்த இடத்தை மரத்துண்டு வைத்து அடைத்து பாலிஷ் போட்டால் தெரியாது.

அடுத்தது அந்தக் கடப்பா ஸ்லாப். அது இருக்கும்வரை ஒன்றரை அடி சுரூபம் கீழே நிற்காது, திரியும் ஏற்ற முடியாது. எடுத்தே ஆக வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்க விடாதீர்கள், அந்தப் பக்கம் பாத்ரூம் டைல்ஸ் விட்டுப்போகும். கட்டிங் மெஷினால் சுவரோடு ஒட்ட அறுத்துவிட்டு, தழும்பைச் சிமெண்டில் பூசச் சொல்லுங்கள். 7 நாள் தண்ணீர் காட்டி, நன்றாக உலர்ந்த பிறகே பட்டி பார்க்கணும். அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால் அந்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக உரிந்து வரும்.

உயரம்தான் பலர் கோட்டை விடும் விஷயம். நின்று பார்த்து ஆணி அடிக்கிறார்கள், பிறகு உட்கார்ந்து செபம் சொல்கிறார்கள். பாயில் உட்கார்ந்தால் பெரியவர்களின் கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி, பிள்ளைகளுக்கு இன்னும் கீழே. முழந்தாளிட்டாலும் நாற்காலியில் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், மூன்றே முக்கால் அடி. ஆகவே சிலுவையின் நடுப்பகுதி நாலே முக்கால் அடியில் வரட்டும். 6 முதல் 8 அடி தள்ளிப் பாய் விரித்தால் பிள்ளைகளுக்கும் கழுத்து வலிக்காது. 4 அடி அகலச் சுவருக்கு 18 அங்குலச் சிலுவை அளவாக இருக்கும்.

துளை போடும்முன் பாத்ரூம் பக்கம் குழாய் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று கட்டாயம் பாருங்கள். சிலுவைக்கு 6 மி.மீ. துளை, பிளக், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகு போதும். இரும்பு ஆணி கடல் காற்றில் துருப்பிடித்துச் சுவரில் கோடு இறக்கும்.

விளக்கு: 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை, வார்ம் ஒயிட், 3000 கெல்வின். முன்பக்க விட்டத்துக்குப் பின்னால் ஒட்டுங்கள். வெளிச்சம் சுவரில் படணும், உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படக்கூடாது. கண்ணாடி போட்ட படத்தில் ஹால் டியூப்லைட் பளிச்சிட்டால் மேல்விளிம்பை அரை அங்குலம் முன்னால் சாய்த்து மாட்டுங்கள்.

உபதேசியார்:
உயரத்தைத் தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். நான் எதை வைப்பது என்று சொல்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2691-ஆம் எண்ணில், வீட்டில் ஒரு செப மூலையைப் பற்றிப் பேசும்போது திருவிவிலியத்தையும் திருவுருவங்களையும்தான் சொல்கிறது. அந்த அளவோடு தொடங்குங்கள். சுவரின் நடுவில் பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையுண்ட சிலுவை). மேடையின் நடுவில் சாய்வுப் பலகையில் திறந்த பைபிள். வலப்பக்கம் மாதா சுரூபம். திருஇருதயப் படம் பக்கச் சுவரில். இதற்கு மேல் பீடத்தில் எதுவும் வேண்டாம். மற்றப் படங்கள் படுக்கையறையிலும் வாசலிலும் இருக்கலாம். அம்மாவிடம் "எடுத்துவிட்டோம்" என்று சொல்லாமல், எந்தப் படம் எந்த அறைக்கு என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

திருஇருதயப் படத்தை வீட்டில் முறைப்படி நிறுவும் வழக்கத்தை 1907-இல் தொடங்கிப் பரப்பியவர் மத்தேயோ என்ற குருவானவர். பங்குச் சாமியாரை வீடு மந்திரிக்க (ஆசீர்வதிக்க) அழைக்கும் அன்றே இதையும் வைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதமோ ஏதாவது ஒரு மாதத்தின் முதல் வெள்ளியோ பொருத்தம்.

விரிப்பு பருத்தியில் வாங்குங்கள். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகி ஒட்டும். திருவருகைக்காலத்துக்கும் (கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்கள்) தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்மஸ், பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) வெள்ளை, பெந்தகோஸ்துக்கும் மறைசாட்சியர் திருநாளுக்கும் சிவப்பு, மற்ற நாட்களுக்குப் பச்சை. நாலு துணி போதும். இது அலங்காரத்துக்கு இல்லை. துணி மாறினால் பிள்ளைகள் "ஏன் மாறிச்சு?" என்று கேட்பார்கள், அங்கேயே மறைக்கல்வி தொடங்கிவிடும்.

மெழுகுதிரி ஏற்றலாம். மேடை விளிம்பிலிருந்தும் சுவரிலிருந்தும் 9 அங்குலமாவது தள்ளி, ஒரு அங்குலம் மணல் பரப்பிய பித்தளைத் தட்டில் வையுங்கள். துணி அந்தத் தட்டுக்கு அடியில் வரக்கூடாது. சுவர் கறுப்பதற்குக் காரணம் இரண்டு: திரியின் நீளம், ஃபேன் காற்று. திரியை 5 மி.மீ.க்குக் கத்தரித்துவிட்டு ஏற்றினால் கரி குறையும். குடும்ப செபம் முடிந்ததும் அணைத்துவிடணும், இரவில் விடவே கூடாது. கரி நெருப்பில் சாம்பிராணி போடுவதாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து ஹாலில் போடுங்கள். கரியின் நச்சு வாயு அடைசலான இடத்தில் ஆளையே மயக்கிவிடும்.

அறைவீடு:
உங்கள் மனைவி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, அண்ணா. எங்களுக்கு ஜெப இடம் என்றால் மத்தேயு 6:6, கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக ஜெபிக்கும் அறைவீடு. ஹாலில் எல்லோரும் கூடும் இடம் குடும்ப ஜெபத்துக்கு நல்லது, ஆனால் அதிகாலையில் அவங்க தனியாக உட்காரவும் ஒரு இடம் வேண்டும். பால்கனி ஓரத்திலோ படுக்கையறை மூலையிலோ ஒரு நாற்காலி, கைக்கெட்டும் தட்டு, அதில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், ஜெபக்குறிப்பு நோட்டு, ஒரு பேனா. போன் சார்ஜரை அந்தப் பக்கமே வைக்காதீங்க.

பீடத்தில் இரண்டு பைபிளும் இருக்கட்டும். கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள், எங்களுடையதில் 66. வாசகம் எதிலிருந்து என்று அன்றன்றைக்கு வாசிக்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும். மாதா சுரூபத்தை உபதேசியார் சொன்னபடி பக்கத்தில் வைத்து, சிலுவையும் வேதமும் நடுவில் இருந்தால் அவங்களுக்கும் அங்கே உட்காரத் தயக்கம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் ஆணி அடிக்கும்முன் அவங்ககிட்ட கேளுங்க, அம்மாகிட்டயும் கேளுங்க.

முத்துநகர்வாசி:
மிக்க நன்றி. கதவைக் கழற்ற ஆள் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பாத்ரூம் சுவரில் அடியில் லேசாக உப்புப் பூத்திருக்கிறது, மாவுச் சுரூபத்துக்கு ஆபத்தா? குருத்து ஞாயிறன்று கோயிலில் தந்த குருத்தோலை, பழைய தீர்த்தம், உடைந்த சின்னச் சுரூபம் ஒன்று, இவற்றை என்ன செய்வது?

தச்சுப்பட்டறை:
ஆபத்துதான். மாவு ஈரத்தை உறிஞ்சும். முதலில் பெயின்ட் கொப்பளிக்கும், பிறகு அடிப்பாகம் பொடியாக உதிரும். பாத்ரூம் டைல்ஸ் இணைப்புகளை எபாக்ஸி கிரௌட் போட்டு அடைத்து, சுவர் காய்ந்த பிறகு உப்பைச் சுரண்டி, பட்டி பாருங்கள். ஈரம் உள்ள சுவருக்கு மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். சுரூபத்தைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பித்தளைத் தட்டு பச்சை பிடித்தால் புளி போட்டுத் தேய்க்கலாம், லாக்கர் பூசிய கடைப் பித்தளையாக இருந்தால் மட்டும் வேண்டாம்.

உபதேசியார்:
குருத்தோலையைச் சிலுவைக்குப் பின்னால் செருகும் வழக்கம் நல்லதுதான். ஆனால் காய்ந்த ஓலை, திரி இருக்கும் பக்கம் நுனி தொங்கக்கூடாது. அடுத்த சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்பே கோயிலில் சேர்த்துவிடுங்கள், அதை எரித்துத்தான் சாம்பல் எடுப்பார்கள். பழைய தீர்த்தத்தைச் சிங்க்கில் கொட்டாமல் செடிக்கு ஊற்றுங்கள். மந்திரித்த சுரூபம் உடைந்தால் குப்பையில் போடக்கூடாது. கால் படாத இடத்தில் குழி வெட்டிப் புதைக்கணும். ஃப்ளாட்டில் அதற்கு மண் இல்லை என்றால் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள், கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டுவார்கள்.