சீந்தில் பொடியும் கல்லீரலும்: அது எந்தக் கொடி என்பதே சண்டை

பெரம்பூர்_வாசகி: "சீந்தில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும், யாரும் எத்தனை மாதமும் குடிக்கலாம்" என்று நேற்று இங்கே வைத்தியர்_பேரன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அக்காவுக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, அவள் உடம்பே அவள் தைராய்டைத் தாக்குகிறது. கொரோனா பயத்தில் தினமும் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் சீந்தில் பொடி சாப்பிட்டாள். மூன்றாம் மாதம் கண் வெள்ளை மஞ்சளாகி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ரத்தத்தில் 800ஐத் தாண்டிவிட்டது. மும்பை மருத்துவர்களும் 2021இல் இதே மாதிரி ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள்.

வைத்தியர்_பேரன்: அந்த மும்பைக் கட்டுரையை ஆயுஷ் அமைச்சகம் அப்போதே மறுத்தாயிற்று. அவர்கள் சாப்பிட்டது சீந்திலாக இல்லாமல், அதே ஜாடையில் இருக்கும் கிரிஸ்பா கொடியாக இருக்கலாம். கிரிஸ்பா தண்டில் பரு பருவாக இருக்கும், எங்கள் தாத்தா தடவிப் பார்த்தே சொல்வார்.

பெரம்பூர்_வாசகி: தண்டைத் தடவலாம் தம்பி, பொடியை எப்படித் தடவுவது? பாரிமுனைப் பக்கம் வாங்கிய டப்பா, உள்ளே சாம்பல் பச்சைப் பொடி, மேலே ஒட்டிய சீட்டில் பெயர் மட்டும்தான்.

தாம்பரம்72: முதலில் எதிர்ப்புச் சக்தி என்று எதைச் சொல்கிறோம்? ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்குக் கொடுத்த இன்டர்ஃபெரான் ஊசியும் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதுதான், அது சொந்த உடம்பின் பக்கமே திரும்பிப் பலருக்குத் தைராய்டு கெட்டது.

வைத்தியர்_பேரன்: ஊசியை ஏன் இழுக்கிறீர்கள்? கிரிஸ்பா வேறு, சீந்தில் வேறு. கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று, ஊரே குடித்தது. எல்லோருக்கும் கல்லீரலா போனது?

பெரம்பூர்_வாசகி: எல்லோருக்கும் என்று யார் சொன்னது? ஏற்கெனவே தன் உடம்பையே தாக்கும் நோய் இருப்பவர்களைப் பற்றித்தானே பேசுகிறேன்!

கோடம்பாக்கம்_ரவி: தடுப்பூசியை மட்டும் யாரும் கேட்க மாட்டீர்களே. 2009 பன்றிக் காய்ச்சலுக்குப் போட்ட பேண்டம்ரிக்ஸ் தடுப்பூசியால் பின்லாந்து, ஸ்வீடன் குழந்தைகளுக்கு நார்கோலெப்சி, அதாவது பகலிலேயே அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய், வந்ததே?

தாம்பரம்72: வந்தது உண்மை. ஆனால் அதில் எதிர்ப்பாற்றலைத் தூண்டக் கலந்த பொருளா, வைரஸின் புரதமா காரணம் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை வைத்து எல்லாத் தடுப்பூசியையும் திட்டாதீர்கள்.

கோடம்பாக்கம்_ரவி: ஆக, உங்களுக்குப் பிடித்ததற்கு மட்டும் முடிவாகவில்லை!

பெரம்பூர்_வாசகி: தடுப்பூசிச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் ரவி. நான் கேட்டது பொடி. 2022இல் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதினார்கள், அதிலும் பலருக்குத் தன்னுடல் தாக்கு நோயின் அடையாளங்கள். அத்தனை பேரும் கிரிஸ்பாவா சாப்பிட்டார்கள்? அப்படியே இருந்தாலும், கடையில் கிரிஸ்பாவைச் சீந்தில் என்று விற்கிறார்கள் என்றால் "எத்தனை மாதமும் குடிக்கலாம்" என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? பொடியை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்து, அக்கா தேற ஐந்து மாதம் ஆயிற்று.

வைத்தியர்_பேரன்: அக்கா குணமானதில் சந்தோஷம். அந்த டப்பாவைச் சோதனைக்கு அனுப்பினீர்களா? இல்லையென்றால் அது கிரிஸ்பாதான்.

பெரம்பூர்_வாசகி: அனுப்பாமலே கிரிஸ்பா என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?