புது கார், சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஊசி ஏறி ஏறி இறங்குகிறது, இது சாதாரணமா?

கேள்வி (கோவையிலிருந்து):
கார் எடுத்து ஆறு வாரம்தான் ஆகிறது. 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், 1,140 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஊசி 1,400-க்குப் போகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக இறங்கிவிடுகிறது, அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பத்து நாளாக, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும், காந்திபுரம் சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது 750, அப்புறம் 950, மறுபடி 750, சில சமயம் 600-க்குக் கீழே போய் ஸ்டியரிங்கே நடுங்குகிறது, ஆஃப் ஆகப்போகிறது என்று நினைப்பதற்குள் 1,000. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. சர்வீஸ் சென்டரில் ஒருவர் ஏறி உட்கார்ந்து ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஏசி கம்ப்ரசர் லோடு சார், எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். நம்பலாமா?

பதில் 1:
த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டைத் திறந்து மூடி அளவாக விடும் பாகம்) கரி பிடித்திருக்கும். கிளீனர் ஸ்பிரே வாங்கி நீங்களே அடித்துவிடுங்கள், 10 நிமிட வேலை. பெட்ரோல் பங்கையும் மாற்றிப் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீங்க. 1,140 கி.மீ. வண்டியில் என்ன கரி? உள்ளே இருக்கும் தட்டைக் கையால் தள்ளித் துடைத்தால் அதைத் திருப்பும் மோட்டாருக்கு ஆபத்து, வாரண்டி பேச்சும் சிக்கலாகும்.

பட்டறையில் 20 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சர்வீஸ் சென்டர்காரர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. ஏசி கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். அது சேரும்போது எஞ்சினுக்குப் பாரம் கூடும், வண்டி நின்றுவிடாமல் இருக்க ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், முன்கூட்டியே காற்றைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டு ஐடிலிங்கை (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏற்றும், கம்ப்ரசர் விட்டதும் இறக்கும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றினாலும், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் எஞ்சின் சுற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர் வழியாக இதே கதைதான். காலையில் 1,400 போவதும் வேண்டுமென்றே செய்வது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காக.

ஆனால் 600-க்குக் கீழே இறங்கி நடுங்குவது அந்தக் கணக்கில் வராது. ஒரு வேலை செய்யுங்க: 20 நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிட்டு, நிறுத்தி, ஏசி, புளோயர், ஹெட்லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைச்சுடுங்க. ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. அஞ்சு நிமிடம் ஊசியை மட்டும் பாருங்க. ரேடியேட்டர் ஃபேன் ஓடும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீங்க. அசையாமல் நின்றால் கம்ப்ரசர்தான், நிம்மதியாத் தூங்குங்க. அப்போதும் ஆடினால் பாரம் காரணமில்லை.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன் அண்ணா. எல்லாம் அணைத்த பிறகும் ஆடுகிறது, 650-லிருந்து 1,000 வரை, மூச்சு விடுகிற மாதிரி ஒரே தாளத்தில்.

பதில் 2:
அப்போ எங்கேயோ த்ராட்டிலைத் தாண்டிக் காற்று உள்ளே போகுது, நாங்க வேக்குவம் லீக் என்போம். ஈசியூ கேட்காத காற்று வந்தால் ஐடிலிங் ஏறும், அது த்ராட்டிலை மூடி இறக்கப் பார்க்கும், ரொம்ப இறங்கிடும், திரும்பத் திறக்கும். அந்தத் தாளம் அதுதான்.

இன்னொரு சந்தேகம், பத்து நாளுக்கு முன்னாடி பேட்டரி கழற்றினீங்களா? கழற்றினால் ஈசியூ ஐடிலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும், ஆனால் கொஞ்சம் ஓட்டினாலே சரியாகிவிடும். யாராவது பானெட்டைத் திறந்தார்களா?

கேள்வி கேட்டவர்:
பேட்டரி தொடவில்லை. பானெட்டைத் திறந்தது நான்தான்... வால்பாறை போகிறதுக்கு முந்தின நாள் ஆயில் அளவு பார்த்தேன்.

பதில் 2:
டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) முழுசா உள்ளே உட்கார்ந்திருக்கா, ஆயில் மூடி கடைசி வரை திரும்பியிருக்கா, இப்பவே பாருங்க. எஞ்சினை அணைச்சு, ஆறவிட்டு. ஆயில் அறையின் ஆவியை இன்டேக்தான், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகிற வழிதான், ஒரு குழாய் வழியா உறிஞ்சிக்கும், அதனால் மேலே ஒரு ஓட்டை இருந்தால் அந்த வழியாகவும் வெளிக்காற்று உள்ளே போகும்.

கேள்வி கேட்டவர்:
டிப்ஸ்டிக் அரை இஞ்ச் வெளியே நின்றிருக்கிறது. அவசரத்தில் சொருகியிருக்கிறேன். "டக்" என்று உட்காரும் வரை அழுத்தினேன், ஸ்டார்ட் செய்தால் 750, அப்படியே நிற்கிறது. ஏசி போட்டால் மட்டும் 900, கம்ப்ரசர் விடும்போது இறங்குகிறது. பத்து நாள் சர்வீஸ் சென்டர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் 2:
அவரும் பானெட்டைத் திறந்திருந்தால் பார்த்திருப்பார், பாதிப் பாவம் அவருக்கு. டிப்ஸ்டிக் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம் கிழியாம இருக்கா?

கேள்வி கேட்டவர்:
நன்றாக இருக்கிறது அண்ணா, துடைத்துப் போட்டுவிட்டேன்.