பள்ளிக் கட்டணத்தில் கழிக்கப் பிளாஸ்டிக் வாங்குவது: கணக்கும் நடைமுறையும் எப்படி?

சாக்பீஸ்:
வணக்கம். 120 பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி, பெற்றோர் சங்கம் சார்பாகக் கேட்கிறேன். பெற்றோர் காலி பிளாஸ்டிக் கொண்டுவந்தால் எடை போட்டு, விற்ற பணத்தைக் கட்டணத்தில் கழிக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. முழுக் கட்டணத்தையும் இப்படிச் சரிக்கட்ட முடியுமா? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது? வரவு எப்படி எழுதுவது?

எடைக்கல்:
முதலில் ஒரே ஒரு வகுத்தல் போடுங்கள். ஆண்டுக் கட்டணத்தை, பழைய பிளாஸ்டிக் வாங்கும் வியாபாரி ஒரு கிலோவுக்குத் தரும் விலையால் வகுங்கள். விடை 200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் காலி பாட்டில் சுமார் 25 கிராம், அதாவது கிலோவுக்கு 40. அப்படியானால் 200 கிலோவுக்கு 8,000 பாட்டில். வாரத்துக்கு 150க்கு மேல், அதுவும் ஒரு பிள்ளைக்கு! எந்த வீட்டிலும் அவ்வளவு சேராது. தெருவில் பொறுக்கினால்தான் உண்டு. யார் பொறுக்குவார்கள்? பள்ளிக்கு வரவேண்டிய அதே பிள்ளைதான்.

அதனால் முழுக் கட்டணம் என்று வாய் தவறியும் அறிவிக்காதீர்கள். நோட்டுப் புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று சின்ன இனம் ஒன்றை மட்டும் கழியுங்கள். ஒரு குடும்பத்துக்கு மாத உச்சவரம்பு வையுங்கள். மூட்டையைப் பெரியவர்களே கொண்டுவர வேண்டும் என்பதையும் எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இதில் இரண்டு வழி உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் அஜெகுன்லே பகுதியில் பெற்றோர் பாட்டில் கொண்டுவர, எடைக்கு உரிய தொகை கட்டணத்தில் கழிகிறது. அசாமில் குவாஹாட்டி அருகே பாமோஹியில் 2016இல் தொடங்கிய அக்‌ஷர் பள்ளியில் எடையே கிடையாது. வாரத்துக்கு 25 பிளாஸ்டிக் பொருள், அதுவே கட்டணம். வீடுகளில் பிளாஸ்டிக்கை எரிப்பதை நிறுத்துவதுதான் அங்கே நோக்கம். விற்ற காசில் பள்ளியை நடத்துவது அல்ல, செலவுக்கு வேறு நிதி வேண்டும். உங்களுக்கு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்தால் கணக்கு நிற்காது.

சல்லடை:
வாங்கும் பட்டியலைப் பற்றி. அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1 (பெட், அதாவது தண்ணீர், குளிர்பானப் பாட்டில்), 2 (ஷாம்பு டப்பா, கேன்), 5 (தடித்த டப்பா, மூடி), இந்த மூன்றோடு தொடங்குங்கள். 3 என்றால் பிவிசி, வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி அமிலப் புகை விடும். ஒன்றிரண்டு கலந்தாலும் மொத்தச் சரக்கும் மஞ்சளடித்துக் கறுப்புப் புள்ளி விழும். வியாபாரி விலையைக் குறைப்பார், அல்லது லாரியையே திருப்பிவிடுவார்.

எண் அழிந்திருந்தால் நகம் அளவு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3 மூழ்கும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு பெட்டும் மிதந்து ஏமாற்றும். மூழ்கிய இரண்டையும் பிரிக்க, பாட்டிலை மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் பிவிசி என்று ஒதுக்குங்கள். அடிப்பக்கம் நடுவில் சின்னப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் பெட்.

நிறமில்லாத பாட்டிலைத் தனி மூட்டையாகக் கட்டுங்கள், அதற்குத்தான் நல்ல விலை. பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில், மருத்துவமனைச் சாமான் எதுவும் வேண்டாம்.

சாக்பீஸ்:
நன்றி, நிறைய தெளிவாயிற்று. மூடியைக் கழற்ற வேண்டுமா? சிப்ஸ் பாக்கெட் போன்ற மினுமினு உறைகளை என்ன செய்வது? எடை போடும் இடத்தில் தகராறு வராமல் இருக்க?

எடைக்கல்:
தகராறு வருவதே தண்ணீரால்தான். அடியில் 50 மில்லி தங்கியிருந்தால் 50 கிராம், பாட்டிலின் எடையைப் போல இரண்டு மடங்கு. அப்படிப் பத்து பாட்டில் கிடந்தால் அரைக் கிலோ தண்ணீருக்கு வரவு எழுதியிருப்பீர்கள். ஆகவே மூடி திறந்த பாட்டிலைத்தான் தராசில் ஏற்ற வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கிவிட்டு எடை. எடை முடிந்ததும் மிதித்து நசுக்கி, மூடியைத் திரும்ப இறுக்குங்கள். மூடி இல்லாவிட்டால் காற்று புகுந்து மறுபடி உப்பும். ஆலையில் மூடி மிதந்து பிரிந்துவிடும் என்பதால் பொதுவாகச் சிக்கல் இல்லை, ஆனாலும் உங்கள் வியாபாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தொங்கு தராசு போதும். சாக்கின் எடையைக் கழித்து, குடும்பத்தின் சேமிப்புப் புத்தகத்திலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே நேரத்தில் எழுதி, இரண்டிலும் கையெழுத்து. கையில் காசு கொடுக்கவே கூடாது. பிள்ளை இடையில் பள்ளி மாறினால் மீதி வரவு என்ன ஆகும் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூட்டைக்கட்டு:
இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நசுக்காத ஒரு லிட்டர் பாட்டில் 100 கிலோ என்றால் 4,000 பாட்டில். உள்ளளவே 4 கனமீட்டர், இடைவெளியோடு 6 பிடிக்கும். வகுப்பறையில் ஒரு மூலையே போச்சு! நசுக்குவதைத் தள்ளிப்போட்டால் மூன்றாம் வாரமே திட்டம் மூச்சுத்திணறும். கூரை கட்டாயம். மழையில் நனைந்தால் கொசு, எடைக்குளறுபடி இரண்டும் வரும். சமையற்கூடத்துக்கும் மின்பெட்டிக்கும் பக்கத்தில் அடுக்காதீர்கள், பற்றினால் அணைப்பது கடினம்.

மினுமினு உறை பல அடுக்கு ஒட்டியது, வாங்க ஆள் கிடைப்பது அரிது. எடைவரவில் சேர்க்காதீர்கள். வேண்டுமானால் கழுவிக் காயவைத்து, பாட்டிலுக்குள் குச்சியால் இடித்துத் திணித்துச் செங்கல் போல இருக்கை செய்யலாம். ஒரு லிட்டருக்குக் குறைந்தது 330 கிராம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்தால் அமுங்கும். ஈரத்தோடு திணித்தால் உள்ளே அழுகிப் பாட்டில் வீங்கும். உருக்கி அச்சு வார்க்கும் வேலை பள்ளியில் வேண்டவே வேண்டாம்.

சல்லடை:
விலை நிர்ணயம் ஒன்று பாக்கி. வியாபாரி தரும் விலையை அப்படியே பெற்றோருக்கு எழுதாதீர்கள். நான்கில் மூன்று பங்கு எழுதுங்கள். மிச்சம் வண்டிக்கூலிக்கும், தரம் பிரிக்கும்போது தள்ளுபடியாவதற்கும், விலைச் சரிவுக்கும். கச்சா எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலியும், உடனே பழையதைக் கேட்க ஆள் இருக்காது. வரவு விலையைப் பருவத்துக்கு ஒருமுறை மட்டும் மாற்றி, பலகையில் எழுதிப் போடுங்கள். குறைந்தபட்சம் எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி அனுப்புவார்கள் என்பதை வியாபாரியிடம் எழுதி வாங்கிய பிறகே முதல் மூட்டையை வாங்குங்கள்.