தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, ட்ரவுட் மீன், பூச்சி மாதிரி கட்டின ஃப்ளை கொக்கியை திரும்பி கூட பாக்க மாட்டேங்குது

கேள்வி – கிரானைட்_குமார்
வணக்கம் மக்களே, வேலைக்காக ஸ்காட்லாந்துல அபர்தீன் வந்திருக்கேன். பாங்கோரி பக்கம் டீ (Dee)ங்கிற ஆத்துல வந்து சேருற ஃப்யூன்னு ஒரு சின்ன ஆறு, அடில கிடக்குற கல்ல எண்ணலாம் அவ்ளோ க்ளியர். ட்ரவுட் நிக்கிறது நல்லாவே தெரியுது ஆனா நான் லைனை வீசின உடனே எல்லாம் சிதறி ஓடுது. ஃப்ளையை மாத்தி மாத்தி போட்டாச்சு. பாலத்துக்கிட்ட சால்மன் மீன் வேற எகிறி குதிக்குது, அதுவும் கடிக்காது போல. அப்புறம் லைசென்ஸ் எங்க வாங்கணும்? எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு.

தூண்டில்காரன்
தம்பி ஃப்ளையை விடு, நீ எங்க நிக்கிற அதச் சொல்லு. ட்ரவுட் ஓட்டத்துக்கு எதிரா தலைய வச்சு நிக்கும், மேல இருந்து இறங்கி வந்தீன்னா முதல்ல அது தான் உன்னப் பாக்கும். கீழ இருந்து, அதுக்குப் பின்னால, குனிஞ்சு போ. நிழல் தண்ணில விழக்கூடாது. லீடர், அதான் லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டுற மெல்லிசு நரம்பு, 9 அடி வச்சிருந்தா 12 ஆக்கு, அந்த தடி லைன் மீன் தலைக்கு மேல விழுந்தா கதை முடிஞ்சுது.

இன்னொண்ணு, டிராக். நடுவுல ஓட்டம் வேகம், ஓரத்துல மெதுவு, அதனால லைன் முன்னாடி ஓடி ஃப்ளையை இழுக்கும், நிஜப் பூச்சி அப்டி தண்ணிய கிழிச்சுக்கிட்டு போகாதுல்ல. லைனைத் தூக்கி மேல்பக்கமா மடிச்சுப் போடு, மெண்ட்னு சொல்வாங்க. தண்ணி மேல கூசுற வெளிச்சத்த மறைக்கிற போலராய்டு கண்ணாடி இல்லாம போகாத.

வெள்ளி_செதில்
சால்மன் வேற கேஸ் ப்ரோ. கடல்ல இருந்து ஆத்துக்குள்ள வந்துட்டா சாப்பிடவே சாப்பிடாது, கடிக்கிறதெல்லாம் கோவமோ பழக்கமோ, யாருக்கும் சரியா தெரியாது. குதிக்கிற மீன விட ஓய்வா ஒதுங்கி நிக்கிறது தான் எடுக்கும்னு என் எண்ணம். குறுக்கா, கொஞ்சம் கீழ்நோக்கி வீசி ஃப்ளை வளைஞ்சு வர்ற மாதிரி விடுங்க. கோடைல தண்ணி கம்மியா இருந்தா சின்ன ஃப்ளை, மிதக்குற லைன். அதே டீ ஆத்துல கெய்ர்ண்டன்ல ஏ.எச்.இ. வுட்னு ஒருத்தர் பட்டு லைன்ல கொழுப்பு தடவி மிதக்க விட்டு இப்டித்தான் பிடிச்சாரு, போன நூற்றாண்டு ஆரம்பத்துல. கடிச்ச உடனே சுண்டிராதீங்க, அது திரும்பட்டும்.

அண்ணாச்சி_ஸ்காட்
ஞாயிறுன்னா சால்மனை மறந்துருங்க, ஸ்காட்லாந்துல ஞாயித்துக்கிழமை சால்மன் பிடிக்கிறது சட்டப்படி தப்பு. ட்ரவுட் பிடிக்கலாம், மார்ச் 15ல இருந்து அக்டோபர் 6 வரைக்கும். இங்கிலாந்து மாதிரி ராட் (தூண்டில்) லைசென்ஸ் இங்க இல்ல, ஆனா கரை யாருதோ அவங்க பர்மிஷன் வேணும், எழுத்துலயே வாங்கி வச்சுக்கோங்க. முள் இல்லாத கொக்கி போடுங்க, ரொம்ப வெயில்னா தண்ணி சூடாகி, பிடிச்சுட்டு திரும்ப விட்ட மீன் கூட செத்துரும், அன்னைக்கு போகாதீங்க.

கிரானைட்_குமார்
ஓ அப்ப நான் இவ்ளோ நாள் மேல இருந்து இறங்கி வந்திருக்கேன் 😅 சரிண்ணே. வர்ற ஞாயிறு ட்ரவுட்டுக்கு மட்டும் போறேன். 12 அடி லீடர்ல காத்து அடிச்சா வீச வருமா?

தூண்டில்காரன்
எதிர்காத்துனா சிக்கும், அன்னைக்கு 9 அடியே போடு. காத்துல தண்ணி மேல அலையா இருக்கும், மீனுக்கு நீ அவ்வளவா தெரிய மாட்ட.